பனியின் நிறம்



முன்னொரு நாள் என் வகுப்பில் ஒரு சிறுவன், இமயமலைப் படத்தில் பனிக்கு நீலம் தீட்டியிருந்தான். "பனி வெண்மையல்லவா?" என்று கண்டித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். பல்லாண்டுகளுக்குப் பின் செகந்தீனியின் ஓவியங்களை அச்சுப்படங்களில் கண்டபோதுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று.

ஜியோவன்னி செகந்தீனி 1858இல், அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த ஆர்க்கோவில் பிறந்தவர். ஏழு வயதில் தாயை இழந்தார். பின்னர் மிலான் நகரத்துச் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் அடைபட்டார். வறுமையின் கதையை இங்கே வளர்த்த வேண்டியதில்லை.

அக்காலத்தில் பாரிஸில் ஜார்ஜ் சூரா என்பவர் எண்ணெய் வர்ணங்களைத் தட்டிலே குழைக்காமல், தனித்தனிப் புள்ளிகளாகக் கித்தானில் அருகருகே வைத்து வந்தார். பல வர்ணங்களைக் குழைக்கக் குழைக்க ஒளி மங்கிச் சேறுதான் மிஞ்சும். தனியே வைத்தாலோ, எட்ட நின்று நோக்குபவர் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். அண்டை நிறத்தால் ஒரு நிறம் மாறித் தோன்றுவதைச் சாயத் தொழிலில் ஆராய்ந்த செவ்ரேல் என்னும் வேதியியல் அறிஞர் 1839இலேயே நூலாக எழுதியிருந்தார்.

இத்தாலிய ஓவியர்களும் தமக்கென இவ்வழியை வகுத்துக்கொண்டனர். செகந்தீனி வைத்தவை புள்ளிகளல்ல. நூலிழை போன்ற நீண்ட கோடுகள். கோடுகளின் இடைவெளியில் அந்நிறத்தின் எதிர்நிறத்தை இட்டார். நீலத்துக்கு ஆரஞ்சு என்பதுபோல. ஆல்ப்ஸ் மலைப் பனியில் வெயில் படும் இடம் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மின்னும். நிழல் விழுந்த இடத்திற்குக் கதிரவன் ஒளி நேரே வாராது. நீலவானின் ஒளியே வரும். ஆதலின் அங்கே பனி நீலம். என் மாணவன் கண்டதும் அதுவே!

இவ்வொளியை அறைக்குள் அமர்ந்து தீட்ட அவர் மனம் ஒப்பவில்லை. 1894இல் சுவிட்சர்லாந்தின் மலோயாவில் குடியேறி, பெரிய கித்தான்களைத் திறந்த வெளியிலேயே நிறுத்தித் தீட்டினார். வாழ்வு, இயற்கை, இறப்பு என்ற மூன்று ஓவியங்களைத் தொடங்கினார். நடுவிலுள்ள 'இயற்கை' சுமார் 4 மீட்டர் அகலமுடையது. 1899 செப்டம்பரில் அதை முடிக்க ஷாஃப்பெர்க் மலைமீது ஏறியவர், அங்கே வயிற்று உள்ளுறை அழற்சியால் வீழ்ந்தார். அம்மாதம் 28ஆம் நாள் அம்மலையிலேயே உயிர் பிரிந்தது, வயது 41.

'இறப்பு' முற்றுப்பெறவில்லை. சென்ட் மோரிட்ஸில் 1908இல் திறக்கப்பெற்ற அவருடைய அருங்காட்சியகத்தில் மூன்றும் உள்ளன. குடிசையிலிருந்து ஒரு சடலத்தை வெளியே கொணர்கின்றனர். பனிச்சறுக்கு வண்டியில் பூட்டிய குதிரை காத்து நிற்கிறது. முன்புறப் பனி நீலநிழலில் கிடக்க, அப்பால் மலைமுகடுகள் வெயிலில் ஒளிர்கின்றன.