ராஜா கப்பலின் போர்வையும் பிரிக்கப்படாத தையல்களும்

ஒட்டுத்துணிப் போர்வை (அதாவது குவில்ட்) தைப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். தைப்பதைவிட தைத்ததைப் பிரிப்பதுதான் பெரிய வேலை என்று அலுத்துக்கொள்வார்கள். ஒரு துண்டு தலைகீழாகப் போயிருக்கும். ஒரு மூலை பக்கத்து மூலையோடு சேராது. மூன்று நான்கு தையலுக்கு ஒரு இடத்தில் நூலை வெட்டி, உருவி எடுத்து, துணியை நீவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமை மட்டும் இருந்தால் போதாது, நேரமும் நூலும் வெளிச்சமும் வேண்டும்.

இந்த மூன்றையும் அளந்து செலவழிக்க வேண்டிய ஒரு இடத்தில், 1841ல் நடுக்கடலில், பெரிய போர்வை ஒன்று தைக்கப்பட்டது.

கப்பலின் பெயர் ராஜா. (பெயர்தான் ராஜா, ஏற்றிச் சென்றது கைதிகளை!) 1841 ஏப்ரல் 5ஆம் தேதி இங்கிலாந்தின் வுல்விச்சிலிருந்து சுமார் 180 பெண் கைதிகளோடு கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடம் வான் டீமன்ஸ் லேண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியா. ஹோபார்ட் துறைமுகத்தை அடைந்த நாள் ஜூலை 19. மொத்தம் 105 நாள் பயணம். அந்தக் காலத்தில் பிரிட்டன் ஏறத்தாழ 25,000 பெண்களை இப்படி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. பெரும்பாலானவர்கள் மேல் இருந்த குற்றம் சில்லறைத் திருட்டுதான்.

சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை, நியூகேட் சிறைப் பெண்களுக்காக 1817ல் ஒரு சங்கம் தொடங்கியவர். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கைதிகளைக் கெடுக்கிறது என்பது அவர் தரப்பு நம்பிக்கை. அதனால் கப்பல் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரைச் சேர்ந்த பெண்கள் ஒரு தையல் பை கொடுத்தார்கள். அதில் 100 ஊசிகள், குண்டூசிகள், கத்தரி, விரலில் மாட்டும் உறை, பல நிற நூல்கள், கூடவே இரண்டு பவுண்டு (கிட்டத்தட்ட 900 கிராம்) துணித் துண்டுகள். தைத்ததை வழியிலோ இறங்கிய இடத்திலோ விற்றுக் காசாக்கலாம் என்பதும் திட்டத்தில் உண்டு. கைதிகளைப் பார்த்துக்கொள்ள கீசியா ஹேட்டர் என்ற இளம்பெண்ணும் அதே கப்பலில் போனார். (அவருக்கும் கப்பல் கேப்டன் சார்லஸ் ஃபெர்குசனுக்கும் பயணத்திலேயே கல்யாணம் நிச்சயமானது தனிக்கதை.)

அந்தக் கப்பலில் உருவானதுதான் ராஜா குவில்ட். நீள அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். மொத்தம் 2,815 துண்டுகள். கறாராகச் சொன்னால் இது குவில்டே இல்லை. நடுவில் பஞ்சு கிடையாது, பின்பக்கத் துணியும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நடுவில் வெள்ளைத் துணி. அதன் மேல் சீட்டித் துணியிலிருந்து வெட்டியெடுத்த பறவைகளும் பூக்களும். (சீட்டி என்றதும் நம் சோழமண்டலக் கரை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. விலை கூடிய இந்தியச் சீட்டியில் ஒரு பூவைக்கூட வீணாக்கக் கூடாது என்றுதான் ஐரோப்பாவில் இப்படி வெட்டி ஒட்டும் முறையே பரவியது.) அதைச் சுற்றி சட்டத்துக்குள் சட்டமாக 12 பட்டைகள்.

இந்த அமைப்பில்தான் சிக்கல் இருக்கிறது. நடுவிலிருந்து வெளியே வெளியே வளரும் போர்வை இது. கடைசிப் பட்டையில் தப்பு நடந்தால் அதை மட்டும் பிரித்தால் போதும். ஆனால் மூன்றாவது பட்டை கோணலாக இருப்பது பத்தாவது பட்டை தைக்கும்போது தெரிந்தால்? நடுவில் உள்ள ஆறையும் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பட்டையைக் கொஞ்சம் இழுத்தோ சுருக்கியோ சமாளிக்க வேண்டும். எல்லாமே கைத்தையல் வேறு. எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846ல்தான். கரை நெருங்க நெருங்க, பிரிப்பதா விடுவதா என்ற கேள்விக்கு "விடு" என்பதே மலிவான பதில்.

விட்டிருக்கிறார்கள் என்பது போர்வையிலேயே தெரிகிறது. சில இடங்களில் தேர்ந்த கையின் தையல். சில இடங்களில் அப்போதுதான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட கை. ஊசி குத்திய விரல்களின் ரத்தக்கறைகூட சிறு புள்ளிகளாக இன்னும் இருக்கிறது.

பழைய போர்வைகளில் தப்பைப் பார்த்தால் உடனே ஒரு கதை சொல்வார்கள். கடவுள் மட்டுமே குறையற்றவர், அதனால் அடக்கத்தைக் காட்ட வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார்களாம். அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் பெயரில் இது அதிகம் உலவுகிறது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை நம்புவதில்லை. யோசித்தாலும் இடிக்கிறது. தப்பை வேண்டுமென்று வைக்கிறேன் என்றால், வைக்காவிட்டால் என் வேலை குறையற்றது என்றல்லவா அர்த்தம்? அதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

ராஜா போர்வையிலும் அடக்கம் உண்டு, ஆனால் அது தப்புகளில் இல்லை. கீழ் ஓரத்தில் பட்டு நூலில் நேர்த்தியாகப் பின்னிய வாசகத்தில் இருக்கிறது. கைதிக் கப்பல் குழுவின் சீமாட்டிகளுக்கு நன்றி, உழைப்பாளிகளாக இருங்கள் என்ற உங்கள் அறிவுரையை நாங்கள் மறக்கவில்லை என்பது அதன் சாரம். கொடுத்தவர்கள் படித்து மகிழ வேண்டிய வரி அது. அங்கே நேர்த்தி தவறவில்லை! கோணல் தையல்கள் யாரையும் மகிழ்விக்கப் போட்டவை அல்ல. 180 பேரில் சிலருக்குத் தைக்கத் தெரியும், பலருக்குத் தெரியாது என்ற செய்தியை வாசகம் சொல்லவில்லை, தையல்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் பிரித்து ஒரே கையால் சீராகத் தைத்திருந்தால் இந்தப் போர்வையில் நன்றிக் கடிதம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

போர்வை வெகுகாலம் கண்ணில் படாமலே இருந்தது. 1987ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1989ல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. துணி நைந்துவிடும் என்பதால் அபூர்வமாகத்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தப் பெண்களின் குற்றம், உயரம், கண்ணின் நிறம், தெரிந்த தொழில் எல்லாம் டாஸ்மேனியா கைதிப் பதிவேடுகளில் இருக்கிறது. போர்வையில் ஒரு பெயர்கூட இல்லை.