ஃபிக்ஸட் கியர் சைக்கிள்

பின்சக்கரத்தின் பல்சக்கரம் ஹப்போடு அசையாதபடி முறுக்கி இறுக்கப்பட்டு, சக்கரம் சுழலும் வரையில் பெடலும் உடன்சுழன்றே தீரவேண்டும் என்னும் அமைப்புடைய துவிசக்கர வண்டிக்கு ஃபிக்ஸட் கியர் சைக்கிள் என்று பெயர். ஓட்டுவோர் அதனைச் செல்லமாக ‘ஃபிக்ஸி’ என்பர். நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சாதாரண சைக்கிளும் ஒரே கியர் உடையதுதான் எனினும், அதில் ஃபிரீவீல் என்னும் உறுப்பு இருப்பதால், மேட்டிலிருந்து இறங்கும்போது கால்களை ஓயவிட்டு, ‘டிக் டிக்’ என்ற ஒலியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து போகலாம். ஃபிக்ஸட் கியர் வண்டியில் அந்த ஓய்வு கிடையாது. முதன்முதலாக அதில் ஏறுபவர் பழக்கத்தினால் காலை நிறுத்த முயலும் கணத்திலேயே, பெடல் அவருடைய பாதத்தை அடியிலிருந்து உந்தித் தூக்கிவிடும். முன்னே மிதித்தால் வேகம், பின்னோக்கி அழுத்தினால் தடை, பின்னோக்கி மிதித்தால் வண்டியும் பின்னோக்கியே நகரும். உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாதொரு இடைவெளியும் இல்லாத இந்தக் குணமே, இவ்வண்டியைத் தம் மனப்போக்கின்படி கட்டுவோரின் ஆசைக்கும், கட்டியதைப் பிறருக்குக் காட்டுவோரின் பெருமிதத்துக்கும் மூலகாரணம்.

சரித்திரத்தை நோக்கினால், இவ்வமைப்பு பிற்காலத்தில் தோன்றிய புதுமை அன்று. ஆதியில் பெடல் உள்ள சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படித்தான், பெடல் ஓயாதவையாக இருந்தன. 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டி, செயினால் பின்சக்கரத்தை இயக்கும் இன்றைய வடிவத்துக்கு முன்மாதிரியாயிற்று; அந்தக் காலத்துச் செயின் வண்டிகளிலும் பெடல் ஓயாமல் சுழலவே செய்தது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஃபிரீவீல் பரவியபின், பழைய அமைப்பு பந்தய ஓடுகளத்துக்குள் ஒதுங்கியது. ஆயினும் சாலைப் பந்தயக்காரர்கள் ஒற்றைக் கியரின் மேல் கொண்ட பற்றை எளிதில் விடவில்லை. 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ஓடும்போதே கியர் மாற்றும் கருவி 1937 வரையில் அனுமதிக்கப்படவில்லை. மலையடிவாரத்தை அடைந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபுறத்திலுள்ள வேறு பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறுவதே அக்காலத்து வழக்கம்.

ஓடுகளத்து வண்டியின் இலட்சணங்கள் யாவும் அவ்விடத்தின் தேவையிலிருந்து பிறந்தவை. சரிவாக உயர்ந்த வளைவுகளில் எல்லாரும் ஒரே திசையில் நெருங்கி ஓடுகையில், ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்வருவோர் அனைவரும் மோதி விழ நேரும். ஆதலின் பிரேக் விலக்கப்பட்டது. வளைவில் பெடலை நிறுத்தி வைக்க இயலாதாகையால், அது தரையில் உரசாதிருக்கும் பொருட்டு, பெடலைத் தாங்கும் கிராங்கின் அச்சு உயர்த்தி வைக்கப்பட்டது.

இவ்வண்டியின் அழகை உலகுக்கு உணர்த்தியதில் ஜப்பானுக்குத் தனியிடம் உண்டு. யுத்தத்தில் அழிந்த நகரங்களைச் சீரமைக்க நிதி திரட்டும் நோக்கத்தோடு, 1948-ல் கொகுரா நகரில் ‘கெய்ரின்’ என்னும் ஓடுகளச் சைக்கிள் பந்தயம் தொடங்கப்பட்டது. ஜனங்கள் பணயம் கட்டும் பந்தயமாதலால், ஓட்டுபவரின் பலத்தைத் தவிர வண்டியின் உயர்வு தாழ்வு எதுவும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தல் ஆகாது என்று கருதி, ஃபிரேம் முதல் பெடல் வரையில் ஒவ்வோர் உறுப்பும் பரீட்சிக்கப்பட்டு, ‘என்.ஜே.எஸ்.’ என்னும் முத்திரை பெற்ற பின்னரே பயன்படுத்தத்தக்கது என்று விதி செய்தனர். உலகம் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் மாறிய பின்னும், எஃகுக் குழாய்களை லக் என்னும் இணைப்புகளில் செருகிப் பற்றவைத்த ஃபிரேமும், 36 கம்பிகள் கோத்த சக்கரமும் அங்கே நிலைத்து நின்றதற்கு இந்த விதியே காரணம். விதி குறுகக் குறுகக் கைவினைஞர்களின் கவனம் முழுவதும் செய்நேர்த்தியின்மேல் குவிந்தது என்பது என் அபிப்பிராயம். லக்கின் நுனியை அரத்தால் அராவி அராவி மெல்லிய இலைநுனி போலாக்கி, அது குழாயோடு கலக்குமிடத்தில் விரலை ஓட்டினால் தடையே தெரியாதபடி செய்துவிடுகிறார்கள். அந்த ஓர் அங்குலத்தில் ஒருவருடைய பல வருஷத்து அனுபவம் அடங்கியிருக்கிறது.

அத்தகையோருள் யோஷியாகி நாகசாவா இத்தாலியில் தொழில் பயின்று திரும்பியவர். அவர் செய்த ஃபிரேம்களில் ஓடிய கொயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டத்தை வென்றார். தோக்கியோவில் உருவாகும் மற்றொரு ஃபிரேமின் பெயர் ‘கலவிங்கா’ என்பதைக் கேட்கும்போது நமக்கு ஓர் அணுக்கம் தோன்றாமற் போகாது. கலவிங்கம் என்பது குருவியைக் குறிக்கும் வடசொல். பௌத்த மரபில் அது மனித முகமும் தேன்போன்ற குரலும் உடைய தெய்வப் பறவையாகி, சீனம் வழியாக ஜப்பானை அடைந்து, கடைசியில் ஒரு சைக்கிளின் நெற்றியில் வந்து அமர்ந்திருக்கிறது.

களத்து வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள், நியூயார்க் முதலிய அமெரிக்க நகரங்களில் கடிதமும் காகிதக் கட்டும் சுமந்தோடிய சைக்கிள் தூதர்கள். கியர் மாற்றும் கருவி இல்லை, கேபிள் இல்லை. பழுதாவதற்கும் திருடுபோவதற்கும் உறுப்புகள் குறைவு. ஆகவே மழையிலும் பனியிலும் தினமும் உழைக்கும் அவர்களுக்கு அது சிக்கனமான சாதனமாயிற்று. நியூயார்க்கில் அவ்வாறு தூதராக ஓடிய நெல்சன் வெயில்ஸ், 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின்னர், ஜப்பானியக் களங்களில் ஓடிக் கழிந்த ஃபிரேம்கள் கடல் கடந்து விற்பனைக்கு வரவே, தூதர்களின் தொழிற்கருவி 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இளைஞர்களின் மோகமாக உருமாறியது.

வண்டியைக் கட்டும் முறைக்கு வருவோம். புது ஃபிரேம் வாங்க வசதியில்லாதவர் பழைய சாலை வண்டியின் ஃபிரேமைத் தேடி எடுப்பதுண்டு. அப்போது முதலில் பார்க்கவேண்டியது பின்சக்கரத்து அச்சு உட்காரும் பிளவை. அது கிடைமட்டமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை விறைப்பாக்கலாம். நம் சைக்கிள் கடைக்காரர் தளர்ந்த செயினைச் சரிசெய்வதும் இவ்வாறுதான். பிளவு செங்குத்தாக இருந்தால் அந்த ஃபிரேம் ஃபிக்ஸட் கியருக்குப் பெரும்பாலும் உதவாது. செயினை விறைக்கும்போது ஒரு நுட்பம் உண்டு: முன்பல்சக்கரம் எதுவும் பூரண வட்டமாக இராதாகையால், கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிகவும் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அவ்விடத்திலும் சிறிது இளக்கம் இருக்கும்படி நட்டை முறுக்கவேண்டும்.

ஹப்பின் மேல் இரண்டு மரைகள் இருக்கும். உட்புறத்து மரை வலஞ்சுழி. அதில் பல்சக்கரம் ஏறும். வெளிப்புறத்து மரை சற்றுச் சிறியது, இடஞ்சுழியானது. அதில் பூட்டுவளையம் ஏறும். ஓட்டுபவர் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவர முயலும் அல்லவா? அந்த முயற்சியே எதிர்மரையிலுள்ள வளையத்தை மேலும் இறுக்கிவிடுகிறது. இந்த யுக்தியை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் மறையவில்லை.

பற்களின் கணக்கும் இலேசானதன்று. முன்னே 48 பல், பின்னே 16 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றச் சக்கரம் சரியாக மூன்று சுற்றுச் சுற்றி, ஏறக்குறைய ஆறே கால் மீட்டர் முன்னேறும். கால்களை இறுக்கிப் பின்சக்கரத்தைத் தேய்த்து நிறுத்தும் ‘ஸ்கிட்’ வித்தையில், ஒருவர் பெரும்பாலும் ஒரே காலை முன்வைத்துத்தான் நிறுத்துவார். ஆதலால் இந்த விகிதத்தில் டயரின் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தரையில் தேய்ந்து, சில நாட்களிலேயே நூல் தெரிந்துவிடும். பின்னால் ஒரு பல்லைக் கூட்டி 17 ஆக்கிவிட்டாலோ, தேய்மானம் டயரைச் சுற்றிலும் 17 இடங்களுக்குப் பங்காகிவிடும்.

பிரேக் இல்லாத வண்டியே அழகு என்று சொல்வோர் பலர். களத்தில் அது நியாயம். தெருவில் அது நியாயமாகாது என்பதை இங்கே உறுதியாகச் சொல்லவேண்டும். வேகம் குறைகையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், பின்சக்கரத்தை மட்டும் தடுப்பது வண்டியை நிறுத்தப் போதாது. முன்பிரேக்கே விரைவில் நிறுத்தவல்லது. பிரிட்டிஷ் சட்டம் ஃபிக்ஸட் அமைப்பைப் பின்சக்கரத்துக்குரிய தடையாக ஏற்றுக்கொண்டாலும், முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்கிறது. சுழலும் சக்கரத்தின் செயினைத் துணியால் துடைக்கலாகாது என்பது மற்றோர் எச்சரிக்கை. துணி பல்லில் சிக்கினால், ஃபிரீவீல் இல்லாத காரணத்தால், ஓடும் சக்கரத்தின் வேகம் முழுவதும் விரலை உள்ளே இழுத்துவிடும். விரலை இழந்தவர்கள் உண்டு.

கட்டி முடித்த வண்டியைக் காட்டுவதிலும் ஒரு சம்பிரதாயம் வளர்ந்திருக்கிறது. கையால் ஃபிரேம் செய்வோர் கூடிய வட அமெரிக்கக் கண்காட்சி 2005-ல் ஹூஸ்டனில் முதன்முதலாக நடந்தது. கண்காட்சிக்குப் போகாதோரும் தத்தம் வண்டியைப் படம் பிடித்துப் பகிர்ந்துகொள்வர். சிலர் சிவப்பு ரிம், வெள்ளைச் செயின், மஞ்சள் டயர் என்று ஒரே வண்டியில் எல்லா வர்ணங்களையும் கூட்டுவர். எஃகின் மெல்லிய கோட்டை அந்த ஆரவாரம் மறைத்துவிடுகிறது என்றே தோன்றுகிறது. தேர்ந்தவர்கள் வண்டியை வெறும் சுவரின் முன்னே, செயின் பக்கம் தெரியும்படி நிறுத்துவார்கள். கிராங்கைத் தரைக்கு இணையாகவோ, இருக்கைக் குழாயின் சாய்வுக்கு இணையாகவோ திருப்புவார்கள். டயரை மாட்டும்போதே அதன் மேலுள்ள பெயர், காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வரும்படி பார்த்துக்கொள்வார்கள்; படத்தில் அந்த வால்வு கீழே நிற்கவேண்டும் என்பர். சாதாரண வண்டியில் கிராங்கைப் பின்னுக்குத் தள்ளி விரும்பியபடி வைத்துவிடலாம். இதிலோ கிராங்கைத் தொட்டால் பின்சக்கரமும் நகரும். ஆகவே கிராங்கும் வால்வும் ஒருங்கே தத்தம் இடத்தில் நிற்கவேண்டுமானால், பின்சக்கரத்தைக் கழற்றி, வால்வைக் கீழே கொணர்ந்து, செயினை வேண்டிய பல்லில் மறுபடி மாட்டி, நட்டை இறுக்கி, அதன்பின் காமிராவை எடுக்கவேண்டும்.