விற்றது எத்தனை?

ஒருவன் தன் சரக்கை விற்றுவிட்டேன் என்று சொன்னால், யாரிடம் விற்றாய் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. கைப்பேசி விஷயத்தில் உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கவே சில வருஷங்கள் பிடித்தன. கேட்ட பிறகும் நேரான பதில் கிடைத்தபாடில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புதிய சங்கதி அல்ல. அச்சாபீஸிலிருந்து ஏஜெண்டுக்குப் போகும் பிரதி வேறு. கடை வாசலில் கயிற்றில் தோரணமாகத் தொங்கும் பிரதி வேறு. ஒரு புண்ணியவான் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகிற பிரதி வேறு. என் நாவல் ஒன்று ஆயிரம் பிரதி விற்றுவிட்டதாகப் பதிப்பாளர் ஒருவர் மேடையிலே அறிவித்தார். கைதட்டல் அமோகம். ராயல்டிக் கணக்கு வந்தபோது அந்த ஆயிரம் நானூறாக மெலிந்திருந்தது. கேட்டேன். "மிச்சமெல்லாம் கடைக்காரர்களிடம் இருக்கிறது, சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மேடையில் பேசியபோது அவர் தம் கிடங்கின் வாசலில் நின்று எண்ணினார். ராயல்டி கொடுக்கும்போது கடையின் வாசலுக்குப் போய் நின்று எண்ணினார். அவ்வளவுதான்.

எந்த வாசலில் நின்று எண்ணுவது? பதினைந்து வருஷங்களாக உலகத்தின் பெரிய கைப்பேசிக் கம்பெனிகள் போட்டுக்கொண்ட சண்டையின் சாரம் இதுதான்.

2007-ஆம் வருஷம் ஜூன் 29-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் புதுப்படத்துக்கு நிற்பதுபோல் ஜனங்கள் முன்கூட்டியே கடை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கைப்பேசிக்குத் தொடர்பு கொடுக்கும் உரிமை ஏ.டி. அண்ட் டி. என்னும் கம்பெனி ஒன்றுக்கே இருந்தது. ஜூன் 30-ஆம் தேதியோடு காலாண்டுக் கணக்கு முடிகிறது. ஆகவே அந்தக் கணக்கில் ஐபோனுக்குக் கிடைத்தது சுமார் முப்பதே மணி நேரம்.

ஜூலை 24-ஆம் தேதி ஏ.டி. அண்ட் டி. தன் கணக்கை வெளியிட்டது: அந்த இரண்டு நாட்களில் உயிர்பெற்ற ஐபோன்கள் 1,46,000. பங்கு மார்க்கெட்டில் ஒரே கலவரம்! இதைவிட மிகப் பெரிய தொகையை எதிர்பார்த்திருந்தவர்கள் ஆப்பிள் பங்குகளை விற்றுத் தள்ளினார்கள். பங்கின் விலை ஒரே நாளில் சுமார் 6 சதவிகிதம் சரிந்தது. மறுநாள் ஆப்பிள் தன் கணக்கைச் சொல்லிற்று: அதே முப்பது மணி நேரத்தில் விற்றவை 2,70,000.

இரண்டு கம்பெனிகளுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. கூட்டாளிகள். ஒருவர் கடையில் பில் போட்டதை எண்ணினார். மற்றவர் தொலைபேசித் தொடர்பு கிடைத்ததை எண்ணினார். முதல் நாள் நெரிசலில் தொடர்பு கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் வருஷக் கடைசியில் வித்தியாசம் இப்படிச் சாக்குச் சொல்லி மழுப்ப முடியாதபடி வளர்ந்துவிட்டது. டிசம்பர் முடிய ஆப்பிள் விற்றதாகச் சொன்னது 37 லட்சம். ஏ.டி. அண்ட் டி.யிடம் இருந்த ஐபோன் சந்தாதாரர்களோ 20 லட்சத்தை எட்டவில்லை. நவம்பரில்தான் ஐரோப்பாவில் மூன்று தேசங்களில் விற்பனை தொடங்கியிருந்தது; அங்கே போனதைக் கழித்தாலும் லட்சக் கணக்கில் துண்டு விழுந்தது. பசு மாடு காணாமற் போனால் பவுண்டில் போய்த் தேடலாம். இவற்றை எங்கே போய்த் தேடுவது? கொஞ்சம் கடைகளில் இருந்தன. மற்றவை பூட்டு உடைக்கப்பட்டு, ஐபோன் விற்பனைக்கே வராத சீனா முதலிய தேசங்களுக்குக் கப்பலும் விமானமும் ஏறியிருந்தன. காணாமற் போனவை எல்லாம் உண்மையில் விற்றவையே! ஆனாலும் ஆப்பிளுக்கு அவற்றில் நஷ்டம் இருந்தது. சந்தாதாரர் மாதாமாதம் கட்டும் பணத்தில் ஏ.டி. அண்ட் டி. தருவதாக ஒப்புக்கொண்ட பங்கு, பூட்டு உடைந்த போனுக்குக் கிடைக்காது.

அடுத்து சாம்சங் கதைக்கு வருவோம். கைப்பேசிக்கு அண்ணன் முறையான டாப்லெட் ஒன்றைக் 'காலக்ஸி டாப்' என்ற பெயரில் 2010-ஆம் வருஷக் கடைசியில் அது கொண்டுவந்தது. ஆப்பிளின் ஐபாடுக்கு நேர்ப் போட்டி. சில மாதங்களுக்குள் 20 லட்சம் என்று சாம்சங் முழங்கிற்று. 2011 ஜனவரியில் நிபுணர்கள் தொலைபேசி வழியாகக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. அந்த 20 லட்சம், கடைகளுக்கும் தொலைபேசிக் கம்பெனிகளுக்கும் தள்ளிவிட்ட சரக்கு என்று சாம்சங்கின் பெண் அதிகாரி ஒருவர் அங்கே விளக்கினார். கடையிலிருந்து ஜனங்களிடம் போனது எவ்வளவு? அதற்கு அந்த அம்மையார் ஆங்கிலத்தில் சொன்ன பதில் 'ஸ்மால்' என்று பத்திரிகைகளில் வெளிவந்தது. அதாவது மிகவும் கொஞ்சம் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டுவிட்டது! உலகம் முழுவதும் சிரிப்பு. சில தினங்கள் கழித்து, ஒலிப்பதிவை மறுபடி கேட்டுப் பார்த்ததில் அவர் சொன்னது 'ஸ்மூத்' என்று திருத்தம் வந்தது. அதாவது தடங்கலில்லாமல் போகிறதாம்.

நம் அச்சுப் பிசாசின் லீலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'தலைவர்' 'தவளை'யாகிக் குதித்ததுகூட உண்டு. ஆனால் இவ்வளவு விலையுயர்ந்த பிழையைக் கண்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், திருத்தத்துக்குப் பிறகும் யாரும் எண்ணைச் சொல்லவில்லை. 'ஸ்மூத்' என்பது எத்தனை லட்சம்?

அதே வருஷத்தின் நடுவிலிருந்து சாம்சங், காலாண்டுக்கு எத்தனை கைப்பேசி என்று சொல்வதையே நிறுத்திவிட்டது. போட்டியாளர்களுக்கு ரகசியம் தெரிந்துவிடுமாம். ஆப்பிள் மட்டும் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு சாம்சங் முதலிடத்துக்கு வந்தது என்று எழுதினார்களே, எந்த ஆதாரத்தில்? சந்தை ஆராய்ச்சிக் கம்பெனிகளின் மதிப்பீட்டில்தான். ஒரு கட்சி வாக்குப் பெட்டியைத் திறந்து காட்டியது. இன்னொரு கட்சியின் வாக்குகளை ஜோசியர்கள் மதிப்பிட்டார்கள். ஜோசியர்கள் திறமைசாலிகள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்குள்ளேயே கணக்கு ஒத்துப்போவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பெட்டி ஒருமுறை பாதி திறந்தது. டிசைனைக் காப்பியடித்தது என்று ஆப்பிள் 2011 ஏப்ரலில் சாம்சங் மீது போட்ட வழக்கு, 2012 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகரில், லூசி கோ என்னும் நீதிபதியின் முன் விசாரிக்கப்பட்டது. நஷ்டஈடு கணக்கிட வேண்டுமானால் விற்பனைக் கணக்கு வேண்டுமே! இரு தரப்பாரும் தாக்கல் செய்தார்கள். 2010 ஜூன் முதல் இரண்டு வருஷங்களில், வழக்கில் சிக்கிய சாம்சங் கைப்பேசிகள் அமெரிக்காவில் விற்றது சுமார் 2 கோடியே 12 லட்சம். டாப்லெட்டுகள் 14 லட்சம். தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் விற்ற ஐபோன்கள் சுமார் 8½ கோடி. முதல் சில மாதங்களில் 20 லட்சம் என்ற முழக்கத்தையும், இரண்டு வருஷத்தில் 14 லட்சம் என்ற கோர்ட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பலருக்குக் கை துருதுருத்தது. முன்னது உலகக் கணக்கு, பின்னது ஒரே தேசத்தின் கணக்கு; ஒப்பிடுவது நியாயமில்லைதான். அந்த மாதம் 24-ஆம் தேதி ஜூரிகள் சாம்சங் 105 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றார்கள். தொகை குறைந்தும் மாறியும், வழக்கு 2018-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

கடையில் தூங்கும் சரக்கையும் விற்பனையாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா தேசத்து பிளாக்பெர்ரி கம்பெனி சாட்சி. 2013 ஜனவரியில் 'இசட்-10' என்ற கைப்பேசியை அது பெரும் நம்பிக்கையோடு வெளியிட்டது. சரக்குக் கடைகளுக்குப் போயிற்று, அங்கேயே இருந்தது. செப்டம்பரில் முடங்கிய சரக்குக்காக மட்டும் 93 கோடியே 40 லட்சம் டாலரைக் கம்பெனி நஷ்டத்தில் எழுத நேர்ந்தது. பல கைப்பேசிகளைப் பொறுத்தவரை, வாங்குகிறவர் கைக்குப் போன பிறகுதான் வருமானமாக எழுதுவோம் என்று அன்றைக்கு முறையையே மாற்றிக்கொண்டார்கள். அதே நாட்களில் 4,500 பேரை வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பும் வந்தது.

நம் தேசத்திலும் இந்தக் கூத்து நடந்தது. 2014-ஆம் வருஷக் கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் மைக்ரோமாக்ஸ் சாம்சங்கை முந்திவிட்டது என்றது கனாலிஸ் என்னும் ஆராய்ச்சிக் கம்பெனி. 22 சதவிகிதம், 20 சதவிகிதம். சாம்சங் உடனே ஜி.எஃப்.கே. என்னும் வேறொரு கம்பெனியின் கணக்கை எடுத்து நீட்டி, நாங்களே முதல் என்றது. முன்னது கடைகளுக்கு அனுப்பிய சரக்கின் கணக்கு. பின்னது கடையில் விற்ற கணக்கு. மூன்று வருஷம் கழித்து ஷியோமி முந்திவிட்டதாகச் செய்தி வந்தபோதும் இதே வாதம், இதே பதில்.

2018 நவம்பர் 1-ஆம் தேதி ஆப்பிளும் தன் பெட்டியை மூடிவிட்டது. இனி எத்தனை ஐபோன் விற்றது என்று சொல்லப்போவதில்லை. டிம் குக் அதற்கு ஓர் உவமை சொன்னார்: கடையில் சாமான்களை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போகிறீர்கள், வண்டியில் எத்தனை சாமான் என்று எண்ணியா பார்க்கிறார்கள், மொத்த மதிப்பு அல்லவா முக்கியம் என்றார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. குங்குமப்பூவும் கத்தரிக்காயும் ஒரே எண்ணிக்கை ஆகுமா? ஆனால் பதினோரு வருஷம் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிட்டு, விற்பனை தளரும் வேளையில் இந்த ஞானோதயம் வந்ததே, அதுதான் உதைக்கிறது. இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 2-ஆம் தேதி, அந்தக் காலாண்டின் வருமானம் தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று அதே டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பெயரைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நோக்கியா. பின்லாந்து தேசத்துக் கம்பெனி. 1998 முதல் பதினான்கு வருஷம் உலகத்தில் அதிகக் கைப்பேசி விற்றது அதுவே. 2011-இன் முதல் காலாண்டில் அது அனுப்பிய ஸ்மார்ட்போன்கள் 2 கோடியே 42 லட்சம். அடுத்த காலாண்டில் 1 கோடியே 67 லட்சம். அந்தக் காலாண்டில் ஐபோன் 2 கோடியே 3 லட்சம். ஒரே காலாண்டில் 75 லட்சம் குறைவதென்றால், ஜனங்கள் ஒரே நாளில் மனம் மாறிவிட்டார்களா? அப்படியல்ல. வியாபாரிகளிடம் ஏற்கெனவே சரக்குக் குவிந்திருந்தது. அவர்கள் புதிதாக எடுக்காமல் இருப்பதைத் தள்ளப் பார்த்தார்கள். அதாவது முந்தைய காலாண்டுகளில் 'விற்ற' போன்களில் ஒரு பகுதி இன்னும் விற்கவில்லை.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக ஒப்புக்கொண்டது. 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி கைமாறிற்று. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை கைமாறவில்லை.

2006-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து ஷிப்டு பார்த்துவிட்டுப் போவார்கள். முதல் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைத்தவர்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் செய்தவை பெரும்பாலும் பொத்தான் வைத்த சாதாரணப் போன்கள். வருமான வரி இலாகாவோடு ஏற்பட்ட தகராறில் தொழிற்சாலை முடக்கப்பட்டிருந்தது. அது போதாதென்று 2014 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிக வரி இலாகா 2,400 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஏற்றுமதி செய்ததாகக் கணக்குக் காட்டிய கைப்பேசிகள் உண்மையில் உள்நாட்டிலேயே விற்கப்பட்டவை என்பது இலாகாவின் வாதம். அபாண்டம் என்றது கம்பெனி. எங்கே விற்றது, யாருக்கு விற்றது என்ற கேள்வி அமெரிக்கா, கொரியா எல்லாம் சுற்றிவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வசந்த காலத்தில் சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 'விருப்பம்' என்ற சொல்லை அந்தக் காகிதத்தில் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

ஐந்து வருஷம் அந்தக் கட்டிடம் பூட்டிக் கிடந்தது. 2019 நவம்பரில் அதைச் சால்காம்ப் என்னும் கம்பெனி வாங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. கைப்பேசிச் சார்ஜர் செய்கிற கம்பெனி அது. ஆப்பிளுக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.