புண்ணும் வடுவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வறட்சி நிலத்துச் சபைகளில் திருப்பணி செய்வோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்னும் தொடரை அறிவர். 1876 முதல் 1878 வரை நீடித்து, சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்களை மாய்த்த பஞ்சம் அது. அந்த நோவைக் குறிக்க மக்கள் தேர்ந்தது ஓர் ஆண்டின் பெயரையே. இன்று இத்தகைய நோவை உளநூலார் 'திரௌமா' என்பர். அச்சொல்லையும் அதற்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச் சொற்களையும் ஆராய்தல் தகும்.

'திரௌமா' கிரேக்கத்தில் உடற்காயத்தையே குறித்தது. புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் ஒரே இடத்தில், சமாரியன் எண்ணெய் வார்த்துக் கட்டிய காயங்களைச் சுட்டி வருகிறது (லூக்கா 10:34). 1889இல் ஜெர்மானிய மருத்துவர் ஓப்பன்ஹைம் விபத்துக்குப் பின் தோன்றும் நரம்புக் கோளாறுகளுக்கு இதை அடைமொழியாக்கினார். பின்னரே அது மனத்தின் காயத்திற்கு உரிய சொல்லாக வேரூன்றியது.

தமிழில் புண் என்பது திறந்திருப்பது. வடுவும் தழும்பும் புண் மூடியபின் நிற்பவை. 'அதிர்ச்சி' நடுக்கத்தைக் குறிக்கும் 'அதிர்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'இரணம்' வடமொழி 'விரணம்' என்பதன் திரிபு. எனினும் 129ஆம் குறள், தீப்புண் ஆறும் என்றும் நாவினால் சுட்ட வடு ஆறாது என்றும் பிரிக்கிறது. மேல்தோல் மூடினும் உள்ளே ஆறாதது உண்டு என்பதே அதன் கருத்து.

வேதாகம மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் உண்டு. ஏசாயா 53:5இல் 'தழும்பு' எனப் பெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் 'ஹப்பூரா'. அதே சொல் 1:6இல் 'வீக்கம்' எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. அடிபட்டுக் கன்றிய இடமே அதன் பொருள். ஆறிய அடையாளம் அன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்தில் 1957 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொலையுண்டார். 14 அன்று கீழத்தூவலில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் மடிந்தன; வீடுகள் எரிந்தன. அதனை 'பழைய வடு' என்று பிரசங்க பீடத்திலிருந்து கூறுவது எளிது. ஆனால் அது வடுவா, புண்ணா என்று கூறும் உரிமை அதைச் சுமப்பவருக்கே உண்டு. ஒப்புரவைப் பேசுமுன் அவர்கள் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்டறிதல் ஆயரின் முதற்கடன். சமாரியனும் காயத்தின் அருகே சென்ற பின்னரே எண்ணெய் வார்த்தான்.