பெட்டியில் வந்த பாடம்

மாசியில் தளும்பி நின்ற கண்மாய் நீர், சித்திரையில் எங்கே போயிற்று? திருச்சுழிப் பக்கத்துச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், "வெயில் குடிச்சிருச்சு" என்பான். அவன் விடை பிழையன்று; அறிவியல் தொடங்கும் இடமே அதுதான். அங்கிருந்து ஆவியாதல் என்னும் உண்மைக்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் யார்? ஆசிரியரா, அசையும் படமா? இவ்வினாவுக்கு நம் நாட்டில் அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

வானில் ஒரு துணைக்கோளை நிறுத்தி, சாலையும் காணாத சிற்றூர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்லலாம் என்று கனவு கண்டவர் விக்ரம் சாராபாய். அதற்கான உடன்படிக்கை அமெரிக்காவின் நாசாவுடன் 1969இல் ஏற்பட்டது. 1971இல் அவர் மறைந்தார், கனவு மறையவில்லை. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளின் வழியாக, 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒளிர்ந்தன. கம்பி வலையால் ஆன எளிய வட்டில்கள் வானத்து அலைகளை ஏந்தின. காலையில் பள்ளிச் சிறார்க்கு அறிவியல் காட்சிகள். மாலையில் பெரியோர்க்கு உழவும் உடல்நலமும். ஆசிரியர்களுக்கும் அதன் வழியே பயிற்சி அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிந்ததும் துணைக்கோள் நம் வானை விட்டு அகன்றது.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. நம் வறண்ட சீமைக்கு அந்த வாய்ப்பு வேறு வழிகளில், மெல்லவே வந்தது. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் விண்ணேறியது. 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. குடிசைகளிலும் பெட்டி குடியேறிற்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. மறு ஆண்டே பெருந்தொற்று வந்து பள்ளிகள் அடைபட்டபோது, அதுவே பல பிள்ளைகளுக்குப் பள்ளியாயிற்று. தொடக்கப்பள்ளிச் சிறார் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். ஏறத்தாழ இருபது மாதங்கள்!

அம்மாதங்கள் நமக்குக் கற்பித்தது என்ன? திரையில் நீர் கொதித்தது, ஆவி எழுந்தது, மேகம் திரண்டது. ஆனால் "ஏன்?" என்று பிள்ளை கேட்டபோது திரை அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிட்டது. தறியில் அமர்ந்த தந்தைக்கோ, வயலுக்குப் போன தாய்க்கோ அருகிருந்து விடை சொல்ல நேரமில்லை. கைப்பேசி இருந்த வீட்டில் பாடத்தை நிறுத்தி மீண்டும் பார்க்க முடிந்தது. இல்லாத வீட்டில் தவறிய பாடம் தவறியதே.

படத்தை நாம் பழிக்கவில்லை. எரிமலையையும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரையும், சுழலும் கோளையும் அருப்புக்கோட்டைப் பிள்ளைக்குக் காட்ட அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. ஆயினும் கையால் செய்து பார்க்கக்கூடியதைக் கண்ணால் மட்டும் காட்டி நிறுத்துவது பாதிப் பாடமே. 1975இன் பெட்டி ஊருக்குப் பொதுவாய் இருந்தது. பிள்ளைகள் கூடியிருந்து பார்த்தார்கள். இன்றைய திரையோ ஒவ்வொருவர் உள்ளங்கைக்குள்ளும் தனித்திருக்கிறது. முன்னதன் கூடியிருத்தலையும் பின்னதன் வசதியையும் இணைப்பதே நம் கடமையன்றோ?

படம் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, இரு தட்டுகளில் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைக்கச் சொல்லும் ஓர் ஆசிரியர் போதும். மாலையில் தட்டைப் பார்க்கும் சிறுவன், வெயில் குடித்த நீர் எங்கே போயிற்று என்று தானே கேட்பான். அந்தக் கேள்வியை எந்தத் துணைக்கோளாலும் அனுப்பி வைக்க முடியாது.