சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி

சென்னை சைதாப்பேட்டையில் உள்ள அரசு கல்வியியல் கல்லூரி. ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே தொடங்கி, இன்றும் அதையே செய்துவரும் மிகப் பழைய நிறுவனங்களுள் ஒன்று. கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் என்பது இப்போதைய பெயர். ஊரார் வாயில் அது டீச்சர்ஸ் காலேஜ்தான்.

1854இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மாகாணந்தோறும் கல்வித்துறையும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் வேண்டுமென்றது. அதன்படி 1856இல் வேப்பேரியில் ஆசிரியர் பயிற்சிக்கான அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஊர் நினைவில் நின்றதென்னவோ ரயில்தான். சென்னைப் பல்கலைக்கழகமே அடுத்த ஆண்டுதான் பிறந்தது. பட்டதாரிகள் உருவாகும் முன்பே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

1880களில் பல்கலைக்கழகம் ஆசிரியர் பயிற்சிக்கென எல்.டி. பட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி கல்லூரியாக உயர்ந்து சைதாப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே பயின்றவர். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1910இல் எல்.டி. படிக்க வந்தார். மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவரை ஆசிரியர் பயிற்சி வேண்டுமென்ற அரசு விதி மறுபடி மாணவராக்கியது. அவருடைய புலமையைக் கண்ட பேராசிரியர் வகுப்பிலிருந்து விலக்களித்து, சக மாணவர்களுக்கு உளவியல் விரிவுரை ஆற்றச் சொன்னார். 1912இல் வெளிவந்த அவரது உளவியல் கையேடு அந்த விரிவுரைகளிலிருந்து உருவானது. பின்னாளில் அவர் பிறந்த நாளே ஆசிரியர் தினமாயிற்று.

பட்டத்தின் பெயர் எல்.டி., பி.டி., பி.எட். என மாறியது, பயிற்சியின் உயிர் மாறவில்லை. பாடக்குறிப்பு எழுதி, கையொப்பம் வாங்கி, மெய்யான பிள்ளைகள் முன் நிற்க வேண்டும். பின்பெஞ்சில் விரிவுரையாளரும் சக பயிற்சியாளர்களும் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் எழுத்து கோணுவதும், ஒரே மாணவனிடம் மூன்று கேள்வி கேட்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. இதற்கு வாகாக மாதிரிப் பள்ளி ஒன்றும் வளாகத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. புத்தகக் கல்வியைவிட இந்த ஏற்பாடே கல்லூரியின் பெரிய சாதனை எனலாம்.

பெண்களுக்கெனத் தனியாக லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி 1922இல் கடற்கரைச் சாலையில் வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய திட்டத்தில் சைதாப்பேட்டைக் கல்லூரி மேம்பாட்டு நிறுவனமாகி, ஆய்வுப் பணியையும் ஏற்றது. 2008இல் ஆசிரியர் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் அமைந்தது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானதால், பயிற்சியாளர்கள் பள்ளிகளில் பாடம் நடத்தும் காலமும் நீண்டது.