தலைச்சன் கர்ப்பமும் மலேரியாவும்: கிசுமு, தாய்லாந்து எல்லை

கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலிருக்கிறது கிசுமு. அந்தப் பக்கத்துப் பெண்கள் சிறு வயதிலிருந்தே மலேரியாவோடு வளர்ந்தவர்கள். பெரியவர்களானபின் காய்ச்சல் அவர்களை அவ்வளவாக வாட்டுவதில்லை. தாய்லாந்து–பர்மா எல்லை முகாம்களில் வாழ்ந்த கரேன் இனப் பெண்களுக்கு அந்த எதிர்ப்பாற்றல் கிடையாது. அங்கே தொற்று எப்போதாவதுதான் வரும். இரண்டு இடத்திலும் கர்ப்பிணிக்கு முதல் எதிரி ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியே. ஆனால் அது செய்யும் கேடு வேறு வேறு.

கிசுமுவில் அது சத்தமில்லாமல் வேலை செய்கிறது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணிகூடத் தென்படாமல் போகலாம். பிரசவத்துக்குப் பின் அதே பெண்ணின் நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்தால், தாயின் ரத்தம் நிறைந்த இடுக்குகளில் தொற்றுள்ள சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், ஊடே கரும்பழுப்புத் துகள்களோடு. அங்கே மட்டும் ஏன்? ஆய்வாளர்கள் மிகல் ஃப்ரீடும் பேட்ரிக் டஃபியும் 1996இல் விடை சொன்னார்கள்: இந்த அணுக்கள் நஞ்சுக்கொடியிலுள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளைப் பற்றிக்கொள்கின்றன. கருவுறாத உடலுக்கு இந்த வகை ஒட்டுண்ணி பழக்கமே இல்லை. அதனால்தான் பல ஆண்டு சேர்ந்த எதிர்ப்பாற்றல் தலைச்சன் கர்ப்பத்தில் கைகொடுப்பதில்லை. அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் தற்காப்பு வளர்கிறது. அதுவரை தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு.

எல்லையில் தலைச்சன், கடைசி என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. காய்ச்சல் வந்தால் மளமளவென முற்றி உயிரையே பறிக்கும். ஷோக்லோ முகாமில் 1986 முதல் மருத்துவர் ஃபிரான்சுவா நோஸ்டன் குழுவினர் கர்ப்பிணிகளை வாரந்தோறும் வரவழைத்து ரத்தம் பார்த்தார்கள். தொற்று கண்டதும் மருந்து கொடுத்தார்கள். மலேரியாவால் தாய் சாவது வெகுவாகக் குறைந்தது.

கிசுமுவில் சோதனைக்குக் காத்திருப்பது பலன் தராது. நான்காம் மாதம் தொடங்கி, ஒரு மாதமாவது இடைவெளி விட்டு, பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்தைக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுப் பரிந்துரை. எல்லையிலோ அந்த மருந்துக்கு ஒட்டுண்ணி எப்போதோ மசியாமல் போய்விட்டது.

இரண்டில் கிசுமுவின் மௌனமே எனக்கு அதிக அச்சம் தருகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பும் பத்தொன்பது வயதுப் பெண், மாத்திரைக்காக எதற்கு வெயிலில் நடந்து வர வேண்டும்? அவளிடம் உட்கார்ந்து பேசுவதும் மருத்துவத்தில் சேர்த்திதான்.

எல்லைக்கும் ஓயாத தொல்லை ஒன்று உண்டு. அங்கே பரவலாக உள்ள வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கி மீண்டும் மீண்டும் தலைதூக்கும். அதை வேரறுக்கும் பிரைமாகுயின் மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. கருவின் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். எனவே பிரசவம் வரை வாரச் சோதனையை விட முடியாது.